படத்தில் கோடு சரி, டேட்டாபேஸில் ஏறுதில்லை: ஒன்லைன் ஸ்கீமா கருவிகளில் வரும் கரைச்சல்கள்

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கொக்குவிலில் ஒரு ரியூசன் சென்ரருக்கு மாணவர் வரவு, மாதக் கட்டணம், சோதனைப் புள்ளி எல்லாம் பதிகிற மாதிரி சின்னதாக ஒரு சிஸ்டம் செய்துகொண்டிருந்தான். டிபிடயகிராமில் (டேட்டாபேஸின் அட்டவணை அமைப்பை, அதாவது ஸ்கீமாவை, பிரவுசரில் படமாக வரைகிற கருவி) பதினொரு அட்டவணை போட்டு, கோடுகளை வடிவாக இழுத்து, தலைப்புகளுக்கு நிறமும் கொடுத்திருந்தான். கூடவே இன்னொரு ஸ்கிரீன்ஷாட்: பிஎச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸை பிரவுசரில் கையாளுகிற கருவி) சிவப்புப் பெட்டி, எர்ரர் 1005, எர்ரோ 150. "அண்ணா, படத்தில எல்லாம் சரியாத்தானே கிடக்கு, பிறகேன் ஏறுதில்லை?"

படத்தை நான் பெருப்பித்துக்கூடப் பார்க்கவில்லை. எக்ஸ்போர்ட் பண்ணின எஸ்க்யூஎல் கோப்பை அனுப்படா என்றேன், டேட்டாபேஸுக்குப் போகிற கட்டளைகள் அதில்தான் இருக்கும். இந்தக் கருவிகள் கோடு இழு என்றால் இழுக்கும், அவ்வளவுதான். இரண்டு பக்கக் கொலம்களும் ஒன்றுக்கொன்று பொருந்துமா, உங்கள் கொம்பியூட்டரில் ஓடுகிற டேட்டாபேஸ் எந்தப் பதிப்பு, உள்ளே போகப்போவது தமிழ்ப் பெயரா அடையாள அட்டை இலக்கமா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. அதனால் கீழே இருப்பதில் பெரும்பகுதி அந்த எஸ்க்யூஎல் கோப்பைத் திறந்து வைத்துப் பிழை பிடிக்கிற வேலைதான். உங்களுக்கு வந்திருக்கிற அறிகுறியைத் தேடி அங்கேயிருந்து வாசியுங்கள், முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை.

எர்ரோ 150, அல்லது 1215, அல்லது 3780: ஃபாரின் கீ ஏற மறுக்கிறது

கூடுதலாக வருவது இதுதான். ஃபாரின் கீ என்பது ஒரு அட்டவணையின் கொலம் இன்னொரு அட்டவணையின் கொலத்தைச் சுட்டுகிற பிணைப்பு, படத்தில் இழுக்கிற கோடு அதுதான். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மரியாடிபியும் (மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த டேட்டாபேஸ்) பழைய மைஎஸ்க்யூஎல்லும் 150, 1215 என்று எண்ணை மட்டும் எறிந்துவிட்டுப் போகும். மைஎஸ்க்யூஎல் 8 கொஞ்சம் இரக்கப்பட்டு, எந்தக் கொலத்துக்கு எந்தக் கொலம் பொருந்தவில்லை என்று 3780இல் பெயரோடு சொல்லும்.

முதலில் டைப்பை, அதாவது கொலத்தில் எந்த வகைத் தரவு போகும் என்பதைப் பாருங்கள். தம்பியின் கோப்பில் மாணவர் அட்டவணையின் ஐடி பிக்இன்ட் அன்சைன்ட் (பெரிய முழுவெண், மறை எண் இல்லை). கட்டண அட்டவணையில் இருந்த மாணவர் ஐடியோ வெறும் இன்ட். எப்படி இப்படி வந்தது என்றால், மாணவர் அட்டவணையை லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வேர்க் ஏற்கனவே உருவாக்கியிருந்தது (5.8 பதிப்பிலிருந்து லாராவெல் வழக்கமாக ஐடியை பிக்இன்ட் அன்சைன்டாகத்தான் போடும்), மற்றதையெல்லாம் இவன் கருவியில் கையால் இன்ட் என்று அடித்துவிட்டான். முழுவெண் என்றால் அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், அன்சைன்ட் ஒரு பக்கம் இருந்தால் மற்றப் பக்கமும் இருக்க வேண்டும். இன்ட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 10, 11 என்று வருகிற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது காட்டுகிற அகலம் மட்டும்தான்.

கீ எழுத்துக் கொலமாக இருந்தால் (பாடக் குறியீடு போல) நீளம் வித்தியாசப்பட்டாலும் பிரச்சினை இல்லை, ஆனால் கேரக்டர் செட்டும் (எழுத்தைச் சேமிக்கிற முறை) கொலேஷனும் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிற விதி) ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு அட்டவணையைக் கருவியிலிருந்தும் இன்னொன்றை பிஎச்பிமைஅட்மினில் கையாலும் உருவாக்கினால் இது மாட்டக்கூடும்.

அதுவும் சரியென்றால் அம்புக்குறியைப் பாருங்கள். டிபிஎம்எல் (கருவியில் அட்டவணைகளை எழுதுகிற மொழி) எழுதும்போது > என்றால் பலவற்றிலிருந்து ஒன்றுக்கு, < என்றால் ஒன்றிலிருந்து பலவற்றுக்கு, - என்றால் ஒன்றுக்கு ஒன்று. கட்டணத்தின் மாணவர் ஐடி > மாணவரின் ஐடி, இதுதான் சரி. இதைத் திருப்பிப் போட்டால் படத்தில் பல என்று காட்டுகிற குறி மட்டும் மற்ற முனைக்குப் போகும், அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எஸ்க்யூஎல்லில் மாணவரின் ஐடி கட்டணத்தைச் சார்ந்திருக்கிறது என்று ஆகிவிடும், அதாவது காசு கட்டாத பிள்ளை சென்ரரில் சேரவே ஏலாது. டேட்டாபேஸ் அதற்கும் முதலே, நீ சுட்டிக்காட்டுகிற கொலத்துக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டி) இல்லை என்று தடுத்துவிடும். அது தடுத்தது நல்லது.

மூன்றிலும் பிழை பிடிபடவில்லையா? பிஎச்பிமைஅட்மினின் எஸ்க்யூஎல் பெட்டியில் ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் என்ற கட்டளையைக் கொடுங்கள். நீளமாக ஒரு அறிக்கை வரும், அதில் கடைசியாக நடந்த ஃபாரின் கீ பிழைக்கென்று தனிப் பகுதி இருக்கும். எந்தக் கொலத்தில் இடறுகிறது என்று அங்கே எழுதியிருக்கும். இதை வாசிக்காமல் ஒரு பின்னேரம் முழுக்க டைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்த ஆள்தான் நான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பாதியில் பிழை வந்தால் அதற்கு முன்னிருந்த அட்டவணைகள் ஏற்கனவே உருவாகியிருக்கும். கோப்பைத் திருத்தி மறுபடி ஓடவிட்டால் இந்த முறை 1050, அட்டவணை ஏற்கனவே இருக்கிறது என்று வரும். புதுப் பிழை வந்துவிட்டது என்று தலையைப் பிய்க்காமல், உள்ளே தரவு ஒன்றும் இல்லையென்றால் டேட்டாபேஸை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

பிழையே வரவில்லை, ஆனால் மாணவரை அழித்தால் கட்டணம் மட்டும் அநாதையாகக் கிடக்கிறது

இது மேலே இருப்பதைவிட மோசம், ஏனென்றால் மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாது. அட்டவணையின் எஞ்சின் (தரவைச் சேமிக்கிற பகுதி) மைஐசாம் என்று இருந்தால் ஃபாரின் கீயைச் சத்தமில்லாமல் வாங்கிக் குப்பையில் போட்டுவிடும். இன்னோடிபிக்கு மாற்றுங்கள். எஸ்க்யூலைட் பாவிக்கிறவர்களுக்கு வேறு கதை: அதில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்துதான் இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா கட்டளையால் போட்டுவிட வேண்டும்.

அநாதை வரிகள் ஏற்கனவே சேர்ந்துவிட்டால், பிறகு ஃபாரின் கீயைச் சேர்க்கும்போது 1452 வரும். எக்ஸலில் ஐந்து வருடம் கணக்கு வைத்திருந்த சென்ரர் என்றால் வராமலே இருக்காது, ஏனென்றால் விலகிப் போன பிள்ளையின் வரியை அழிப்பார்கள், கட்டணத் தாளைத் தொட மாட்டார்கள். கட்டணத்தையும் மாணவரையும் லெஃப்ட் ஜாயின் என்ற கட்டளையால் சேர்த்து, மாணவர் பக்கம் நல், அதாவது வெறுமை, என்று வருகிற வரிகளை எடுத்துச் சென்ரர்க்காரரிடம் காட்டுங்கள். அவற்றை என்ன செய்வது என்று அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக அழிக்காதீர்கள், அது காசுக் கணக்கு.

1273: கொலேஷன் தெரியாதாம்

சாம்ப் (பிஎச்பியும் டேட்டாபேஸும் ஒன்றாக வருகிற பொதி) போட்டுவிட்டு நான் மைஎஸ்க்யூஎல் பாவிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் கவனிக்க. 2015ஆம் ஆண்டிலிருந்து சாம்புக்குள் இருப்பது மரியாடிபி. பெயர் மட்டும் கொன்ட்ரோல் பெனலில் மைஎஸ்க்யூஎல் என்று நிற்கிறது. மைஎஸ்க்யூஎல் 8இன் வழக்கமான கொலேஷன் பெயரில் 0900 என்ற எண் வரும். பழைய மரியாடிபிக்கு அது என்னவென்றே தெரியாது. கோப்பை நோட்பேடில் திறந்து, அந்த 0900 பெயரை முழுக் கோப்பிலும் யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ என்ற கொலேஷனுக்கு மாற்றிவிடுங்கள். ஓரிடம் மாற்றி ஓரிடம் விட்டால் மேலே சொன்ன 150க்கே திரும்பிப் போவீர்கள்.

தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாக வருகிறது, அல்லது கடைசிக் குற்று காணாமல் போகிறது

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் இந்தக் கருவிகளின் மாதிரி ஸ்கீமாக்கள் ஒன்றிலும் இது இருக்காது.

பெயர் முழுக்கக் கேள்விக்குறி வரிசையாக வந்தால் அந்தத் தரவு போய்விட்டது. கொலமோ இணைப்போ லத்தீன்1 என்ற ஐரோப்பிய எழுத்துக் கேரக்டர் செட்டில் இருந்திருக்கிறது, தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லை, அதனால் கேள்விக்குறியைச் சேமித்துவிட்டது. கேரக்டர் செட்டை யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றிவிட்டுத் திரும்ப அடிப்பதுதான் வழி. கேள்விக்குறிக்குப் பதிலாகத் தலையில் கோடும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால் சந்தோசப்படுங்கள், பெரும்பாலும் தரவு உள்ளே பத்திரமாக இருக்கிறது, வாசிக்கிற இணைப்புத்தான் பிழை. பிஎச்பி என்றால் இணைப்புத் திறந்த கையோடு கேரக்டர் செட்டைச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்தக் குற்று, அதாவது மெய்யெழுத்துக்கு மேலே வைக்கிற புள்ளி. யாழ்ப்பாணம் என்ற சொல்லில் நாம் எண்ணுகிற எழுத்து ஆறு: யா, ழ், ப், பா, ண, ம். யூனிகோட் கணக்கில் அது பதினொன்று, ஏனென்றால் அரவும் (ா) குற்றும் தனித்தனியே ஒவ்வொன்றாகக் கணக்கில் சேரும். யூடிஎஃப்8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 33 பைட். நகரம் என்ற கொலத்துக்கு வார்சார் 10 (யூனிகோட் கணக்கில் ஆகக்கூடியது பத்து எழுத்து) காணும் என்று கருவியில் போட்டீர்கள் என்று வையுங்கள். ஸ்ட்ரிக்ட் மோட் (பொருந்தாத தரவை ஏற்க மறுக்கிற அமைப்பு) போட்டிருந்தால் 1406, தரவு நீளம் கூடிவிட்டது என்று நிற்கும். அணைந்திருந்தால் பத்தோடு வெட்டிவிட்டு "யாழ்ப்பாணம" என்று சேமிக்கும். ஒரு குற்றுத்தானே, யாருக்கும் கண்ணில் படாது, ரசீது அச்சடித்த பிறகுதான் ஒரு அம்மா வந்து கேட்பா. தமிழ் போகிற கொலத்துக்கு நீங்கள் நினைக்கிற எழுத்து எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு போடுங்கள், வார்சாரில் அதனால் இடம் வீணாகாது.

தேடினால் சில பெயர் மட்டும் வருதில்லை என்றால் இன்னொரு பூதம். கௌரி, கெளரி. திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் பக்கத்தில் ளகரமும். எந்தக் கொலேஷனாலும் இதைச் சேர்த்துவைக்க ஏலாது, பதிகிற படிவத்திலேயே திருத்த வேண்டும்.

பாமினி என்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்த பழைய எக்ஸல் தாள் வந்தால் அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே ஏற்றுங்கள். பாமினியில் குற்று என்பது உண்மையில் அரைப்புள்ளி. சிஎஸ்வி கோப்பில் கொலம்களைப் பிரிக்கிற குறியும் அரைப்புள்ளியாக இருந்தால், ஒவ்வொரு குற்றிலும் ஒரு கொலம் பிறக்கும். ஒரு பிள்ளையின் பெயர் ஐந்து கொலத்துக்குப் பரந்து கிடந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு.

பெயரைப் பற்றிக் கதைக்கிறபோதே இதையும் சொல்லிவிடுகிறேன். மாதிரி ஸ்கீமாவில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கொலம் இருக்கும், அப்படியே கொப்பி பண்ணாதீர்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் தகப்பன் பெயரை முதலில் போடுவார், இன்னொருவர் கடைசியில் போடுவார், பட்டியல் எடுத்தால் பாதிப் பேர் தகப்பன் பெயரில் வரிசைப்பட்டு நிற்பார்கள். நம்முடைய படிவங்களில் வழக்கமாகக் கேட்பது போல முழுப்பெயர், முதலெழுத்துக்களுடன் பெயர் என்று இரண்டு வைத்தால் ஒருவரும் குழம்ப மாட்டார்கள்.

எல்லாருடைய அடையாள அட்டை இலக்கமும் 2147483647

சிரிக்காதீர்கள், இது உண்மையாக வரும். இலக்கம் என்று பெயரில் இருப்பதால் கருவியில் இன்ட் என்று தெரிவு செய்துவிடுகிறார்கள். இன்ட்டில் பிடிக்கிற ஆகப்பெரிய எண் 2147483647. புதிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கம், இன்ட்டுக்குள் அடங்காது. ஸ்ட்ரிக்ட் மோட் இல்லையென்றால் எல்லாரையும் அந்த உச்ச எண்ணுக்கு வெட்டிவைக்கும். பழைய அட்டை ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், அது உள்ளே போகும், ஆனால் கடைசி எழுத்து உதிர்ந்துவிடும். தொலைபேசியும் அப்படித்தான், 021இல் தொடங்குகிற இலக்கம் 21இல் தொடங்கி நிற்கும். கூட்டிக் கழிக்காத இலக்கம் எல்லாம் வார்சார், வேறு பேச்சில்லை.

அடையாள அட்டை இலக்கத்தையே பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டுகிற கொலம்) ஆக்கி வைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். தரம் 6 பிள்ளையிடம் அட்டை இல்லை, பழைய அட்டைக்காரர் புதுப்பித்தால் இலக்கம் மாறிவிடும்.

காசு ஃபுளோட்டில் (தோராயமான தசம எண்) இருந்தால் அதுவும் இதே குடும்பம். மைஎஸ்க்யூஎல்லில் 1234567.89 என்று ஃபுளோட்டில் போட்டு எடுத்துப் பாருங்கள், 1234570 என்று காட்டும். டெசிமல் 10,2 போடுங்கள்.

என் கொம்பியூட்டரில் ஓடுது, ஹோஸ்டிங்கில் 1064

1064 என்றால் கட்டளையின் இலக்கணம் பிழை. பிழைச் செய்தி காட்டுகிற இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற கொலத்தின் பெயரைப் பாருங்கள். புள்ளி அட்டவணையில் ரேங்க் என்று கொலம் வைக்காத ரியூசன் சிஸ்டத்தை நான் இன்னும் காணவில்லை. மைஎஸ்க்யூஎல் 8இல் ரேங்க், குரூப்ஸ் இரண்டும் ஒதுக்கப்பட்ட சொற்கள், மரியாடிபியில் ரேங்க் அப்படியில்லை. அதனால் சாம்பில் ஒழுங்காக ஓடி, மைஎஸ்க்யூஎல் 8 இருக்கிற சேர்வரில் விழும். பேக்டிக் (`) குறிகளுக்குள் போட்டுத் தப்பலாம், ஆனால் ஒவ்வொரு குவெரியிலும் அதைப் போட நினைவிருக்க வேண்டும். கருவியிலேயே பெயரை மாற்றிவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணுவது லேசு. ஓர்டர் என்ற பெயர் எங்கேயும் ஆகாது.

போஸ்ட்கிரெஸில் அட்டவணை கண்முன்னே இருக்கிறது, இல்லையென்று சொல்கிறது

பெயரில் பெரிய எழுத்து இருக்கிறது. எக்ஸ்போர்ட் பண்ணும்போது பெயர்களை இரட்டை மேற்கோளுக்குள் போட்டிருப்பதால் பெரிய எழுத்து அப்படியே சேமிக்கப்பட்டது. நீங்கள் மேற்கோள் இல்லாமல் கேட்டால் போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கித் தேடும். கருவியில் எல்லாப் பெயரையும் சின்ன எழுத்திலும் அடிக்கோட்டிலும் வையுங்கள், முடிந்தது.

நேற்று வரைந்த படம் இன்றைக்கு இல்லை

டிரோடிபி போன்ற சில கருவிகளில் கணக்குத் திறக்கத் தேவையில்லை, நல்ல விசயம்தான். ஆனால் படம் இருப்பது உங்கள் பிரவுசருக்குள். வேறு பிரவுசரில் திறந்தால் இல்லை, இன்கொக்னிட்டோவில் வரைந்து மூடினால் இல்லை, பிரவுசர் தரவைத் துடைத்தாலும் இல்லை. மோசமானது கொம்பியூட்டர் லாப். பல லாப்களில் மெசின் மறுபடி தொடங்கும்போது எல்லாம் பழைய நிலைக்குப் போகிற மாதிரிப் பூட்டி வைத்திருப்பார்கள், கரண்ட் ஒருக்கால் போய் வந்தால் காணும். படித்த காலத்தில் என் குழுவின் பதினான்கு அட்டவணை அப்படித்தான் போனது, அடுத்த நாள் சேர் முன்னால் வைற்போர்டில் வரைந்து காட்டினோம்.

அதே பிரவுசர், அதே மெசின் என்றால் கருவியின் திறக்கிற பட்டியலில் பழைய பெயரைத் தேடிப் பாருங்கள், சிலவேளை புதுப் படம் ஒன்றுதான் மேலே திறந்திருக்கும். இல்லையென்றால் இல்லைதான். இனிமேல் எழும்புகிற ஒவ்வொரு முறையும் டிபிஎம்எல் அல்லது எஸ்க்யூஎல்லாக எக்ஸ்போர்ட் பண்ணி உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிஎன்ஜி படத்தை மட்டும் எடுத்து வைக்கிறவர்களுக்கு: படத்திலிருந்து அட்டவணை திரும்ப வராது.

படம் இடியப்பமாகிவிட்டது

முப்பது அட்டவணையை ஒரே பக்கத்தில் வைத்தால் வேறென்ன ஆகும். கட்டணம், வரவு, புள்ளி என்று குழுவாகப் பிரித்து வையுங்கள். அப்படியும் ஒரு அட்டவணைக்கு எல்லாப் பக்கமிருந்தும் கோடு வந்தால், பெரும்பாலும் அதற்குள் இரண்டு மூன்று வேறு விசயங்கள் ஒளிந்திருக்கும். மாணவருக்குள் பாடம் 1, பாடம் 2, பாடம் 3 என்று கொலம் இருக்கிறதா பாருங்கள். அது இடையில் ஒரு இணைப்பு அட்டவணையாக வர வேண்டியது: மாணவர் ஐடி, பாட ஐடி, இரண்டும் சேர்ந்து யுனிக், அதாவது ஒரே சோடி இரண்டு தரம் வர விடாது. கட்டணத்திலும் மாணவர், பாடம், மாதம் மூன்றையும் சேர்த்து யுனிக் போட்டால் ஒரே மாதத்துக்கு இரண்டு தரம் பதிகிற வேலையும் நிற்கும். பாதிப் பாதியாகக் கட்டுகிறவர்கள் இருந்தால் இதைப் போடாதீர்கள், அந்தச் சென்ரரில் இருந்தார்கள், தம்பியை மறுநாளே கழற்றச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏற்கனவே ஓடுகிற டேட்டாபேஸ் இருக்கிறது, படம் இல்லை

திரும்பக் கையால் வரையாதீர்கள். டிபிடயகிராம் எஸ்க்யூஎல் கோப்பை வாங்கிப் படமாக்கும். சார்ட்டிபி ஒரு குவெரி தரும், அதை உங்கள் டேட்டாபேஸில் ஓடவிட்டு வருகிற விடையைக் கொண்டுபோய் ஒட்டினால் போதும். கருவி பாதியில் நின்றால் கோப்பில் இருக்கிற டிரிகர், வியூ, புரொசீஜர் பகுதிகளை வெட்டிவிட்டு அட்டவணைகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

ஆனால் ஒட்டுவதற்கு முன் ஒன்று. பிஎச்பிமைஅட்மினில் குயிக் எக்ஸ்போர்ட் அழுத்தினால் கட்டமைப்போடு தரவும் சேர்ந்து வரும். அதாவது இருநூறு பிள்ளைகளின் பெயர், முகவரி, தாய் தகப்பனின் அடையாள அட்டை, தொலைபேசி எல்லாவற்றையும் யாரோ ஒருவரின் இணையத்தளத்தில் கொண்டுபோய் ஒட்டுகிறீர்கள். கஸ்டம் என்பதைத் தெரிந்து, ஸ்ட்ரக்சர் மட்டும் என்று வைத்து எடுங்கள். கட்டளைவரியில் எடுக்கிறவர்கள் மைஎஸ்க்யூஎல்டம்பில் நோ டேட்டா என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும். பிறகு கோப்பை நோட்பேடில் திறந்து இன்சர்ட் இன்டு என்ற சொற்களைத் தேடுங்கள், ஒரு வரி அகப்பட்டாலும் ஒட்டாதீர்கள், திரும்பப் போய் எடுங்கள்.